கதை எழுத வருபவருக்கு எதற்கு நுழைவுத் தேர்வு?

தென்கரை வாசகன் எழுதியது:

பலர் கூடி ஒரே கதையை எழுதும் ரோல்பிளே குழுக்களில் புதியவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி ஒரு விவாதத்தைத் தொடங்க விரும்புகிறேன். இவற்றை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தைத் தமதாக வைத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் மட்டும் எழுதுவார்கள். ஒருவர் ஒரு பத்தி எழுத, அடுத்தவர் அதற்குப் பதிலாக ஒரு பத்தி எழுத, காட்சி வளர்ந்துகொண்டே போகும். முன்பு மின்னஞ்சல் குழுக்களிலும் லைவ்ஜர்னல் என்னும் வலைப்பதிவுத் தளத்திலும் நடந்த இந்த எழுத்து, இப்போது பெருமளவில் டிஸ்கார்டு என்னும் அரட்டைச் செயலிக்கு வந்துவிட்டது.

என் கருத்து இதுதான்: இக்குழுக்களின் வாசலில் நிற்கும் கதாபாத்திர விண்ணப்பம் ஒழிக்கப்பட வேண்டும். பெயர், வயது, தோற்றம், குடும்பப் பின்னணி, பலம், பலவீனம், அச்சம், இரகசியம் என்று அடுக்கி, கடைசியில் மாதிரிக் காட்சி ஒன்றையும் எழுதச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், 'பின்னணியில் சோகம் அதிகமாக இருக்கிறது, திருத்தி அனுப்புங்கள்' என்று பதில் வருகிறது. கதாபாத்திரம் என்பது காட்சிக்குள் பிறர் பேச்சுக்கு முகங்கொடுக்கும்போதுதான் உருவாகிறது. இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒருத்தி எதற்கு அஞ்சுவாள் என்பது அவளைப் படைப்பவருக்கே எப்படித் தெரியும்? ஆர்வத்தோடு வருபவரை அலுவலகப் படிவத்தின் முன் உட்கார வைப்பது கதை எழுதும் வேலைக்கே முரணானது என்று நான் கருதுகிறேன்.

இளவேனில் எழுதியது:

கற்பனை உலகக் கதை ஒன்றை எழுதும் குழுவில் மட்டுறுத்துநராக, அதாவது சேர்க்கையையும் ஒழுங்கையும் கவனிப்பவளாக இருப்பவள் என்ற முறையில் மறுக்கிறேன். விண்ணப்பம் இலக்கியத் தேர்வன்று. புதியவர் விதிகளைப் படித்தாரா, அவருடைய பாத்திரம் இந்த உலகத்தில் பொருந்துமா, தம்மோடு எழுதுபவருக்கு இடம் விட்டு எழுதத் தெரிந்தவரா என்ற மூன்றை மட்டுமே நாங்கள் அதில் தேடுகிறோம். இவற்றில் மூன்றாவதுதான் உயிர்நாடி.

ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். இருவர் சண்டைக் காட்சி எழுதுகிறார்கள். புதியவர் இப்படி எழுதுகிறார்: 'அவன் வாளை வீசினான். உன் தளபதியின் கை துண்டாகி விழ, அவர் மண்டியிட்டு உயிர்ப்பிச்சை கேட்டார்.' இங்கே அவர் தம் பாத்திரத்தை எழுதியதோடு நில்லாமல், பிறருடைய பாத்திரத்துக்குக் காயத்தையும் அவமானத்தையும் தாமே முடிவு செய்துவிட்டார். இதைத்தான் இக்குழுக்களில் காட்மோடிங் என்கிறார்கள். இதையே 'தளபதியின் வலத்தோளைக் குறிவைத்து அவன் வாளை வீசினான். வீசிய வேகத்தில் அவனுடைய இடப்பக்கம் காப்பின்றித் திறந்து கிடந்தது' என்று எழுதினால், அடி பட்டதா, தப்பியதா, திருப்பி அடித்தாரா என்பது தளபதியை எழுதுபவர் கைக்குப் போகிறது. எதிராளி நுழைவதற்கு ஒரு வழியும் விடப்பட்டிருக்கிறது. மாதிரிக் காட்சி கேட்காமல் இந்தப் பழக்கம் ஒருவரிடம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் தவறுக்கு விலை கொடுப்பவர் மாதக்கணக்கில் அந்தத் தளபதியை எழுதி வளர்த்தவரல்லவா?

பழைய மோடம் எழுதியது:

இருவரும் இதை டிஸ்கார்டு காலத்துச் சிக்கலாகவே பேசுகிறீர்கள். இது அதைவிட மூத்தது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா 1978-இல் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த மட் என்னும் எழுத்துவழி விளையாட்டிலிருந்து இந்த வரலாற்றைச் சொல்லலாம். அதில் புதையலும் புள்ளியும்தான் முதன்மை. 1989-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய டைனிமட் வந்தபோது நிலைமை மாறியது. அதில் வந்தவர்களே அறைகளையும் பொருள்களையும் சொற்களால் கட்டிக்கொள்ள முடிந்ததால், புள்ளி சேர்ப்பதை விட்டுவிட்டுக் கூடிப் பேசுவதும் நடிப்பதும் பெருகின.

இளவேனில் சொன்ன காட்மோடிங்கின் மிகக் கொடிய வடிவம் 1993-இல் லாம்டாமூ என்னும் இடத்தில் நடந்தது. ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் நடத்திய எழுத்துலகம் அது. பங்கேற்பாளர் ஒருவர் ஒரு நிரலைக் கொண்டு, மற்றவர்களுடைய கதாபாத்திரங்கள் தாமாகவே ஆபாசமும் வன்முறையும் நிறைந்த செயல்களைச் செய்வதுபோல எல்லோர் திரையிலும் வரிகளை ஓடவிட்டார். பாத்திரத்துக்கு உரியவர்கள் அதைத் தடுக்க வழியின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் விலேஜ் வாய்ஸ் இதழில் வந்த கட்டுரையால் இது உலகறிந்த செய்தியானது.

நான் இதைச் சொல்வது இளவேனிலுக்கு ஆதரவாக அன்று. அந்த நபர் வழிதவறி உள்ளே வந்துவிட்ட விருந்தினர் அல்லர். தமக்கென்று பாத்திரமும் பெயரும் வைத்திருந்த உறுப்பினர்தாம். கூட்டத்தில் நெடுநேரம் விவாதித்தும் முடிவுக்கு வர முடியாத நிலையில், நிர்வாக உரிமை பெற்ற ஒருவர் தாமாகவே அந்தப் பாத்திரத்தை நீக்கினார். அதன் பிறகு கர்ட்டிஸ், மனுக்களும் வாக்கெடுப்பும் கொண்ட ஒரு முறையை ஏற்படுத்தினார். நீக்கப்பட்டவர் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டதாகவே அங்கிருந்த பலர் கருதினார்கள். வாசலில் கேட்கும் கேள்விகள் ஒருவருடைய எழுத்து நடையைக் காட்டுமே தவிர, அவர் அதிகாரம் கைக்கு வந்தால் எப்படி நடப்பார் என்பதைக் காட்டாது. தீங்கு நடந்தபின் யாரிடம் சொல்வது, யார் முடிவு செய்வது என்பதைப் புதியவருக்கு முதல் நாளே சொல்லும் குழுதான் ஒழுங்கான குழு. ஆறு பக்க விண்ணப்பம் வாங்கிவிட்டு முறையீட்டுக்கு ஒரு வரி வழிகூட இல்லாத குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தென்கரை வாசகன் எழுதியது:

பழைய மோடம் ஐயாவுக்கு நன்றி. என் தரப்புக்கு, விசித்திரப் பொருள்களையும் உயிரினங்களையும் பற்றிய கற்பனை அறிக்கைகளைப் பலர் எழுதிச் சேர்க்கும் எஸ்.சி.பி. பவுண்டேஷன் தளத்தைச் சான்றாக வைக்கிறேன். ரோல்பிளே இல்லைதான்; ஆனாலும் பலர் கூடி எழுதும் கற்பனை உலகங்களில் அதைவிடப் பெரியதைக் காட்டுவது கடினம். 2007-இல் ஃபோர்சான் தளத்தில் பெயர் சொல்லாத ஒருவர் எழுதிய 173-ஆம் எண் பதிவில் தொடங்கி, 2008-இல் விக்கியாக மாறி, ஆயிரக்கணக்கான பதிவுகளாக வளர்ந்திருக்கிறது. அங்கே உங்கள் பாத்திரத்தின் அச்சம் என்ன என்று எவரும் கேட்பதில்லை. எழுதி வெளியிடுகிறீர்கள், வாசகர்கள் வாக்களிக்கிறார்கள், மதிப்பெண் மைனஸ் 10-க்கு இறங்கினால் அந்தப் பக்கம் நீக்கத்துக்கு உரியதாகிறது. ஆளை எடைபோடாமல் எழுத்தை எடைபோடும் முறை அது. படைப்பாக்கப் பொதும உரிமத்தில் எழுதப்படுவதால், ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரவும் தடையில்லை. ரோல்பிளே குழுக்களில் உடன் எழுதியவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், பாதியில் நிற்கும் கதை யாருக்குச் சொந்தம் என்பதற்குக்கூட விதி இருப்பதில்லை.

இளவேனில் எழுதியது:

தாங்கள் தந்த சான்று என் பக்கமே சாய்கிறது, நண்பரே. எஸ்.சி.பி. தளத்திலும் சேர்வதற்கு விண்ணப்பம் உண்டு. வழிகாட்டிப் பக்கங்களுக்குள் ஒரு கடவுச்சொல்லை ஒளித்து வைத்து, அதைக் கண்டுபிடித்து எழுதியவரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் முறையை அவர்கள் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். விதியைப் படித்தாரா என்று சோதிக்க அதைவிடக் கறாரான வழி இருக்க முடியாது. மேலும், வரைவை முதலில் மற்றவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு வெளியிடுமாறு புதியவர்களை அங்கே வலியுறுத்துகிறார்கள்.

அடிப்படை வேறுபாடு ஒன்றும் இருக்கிறது. அங்கே ஒரு பதிவு தனியாக நிற்கும். பிடிக்காவிட்டால் நீக்கலாம், பக்கத்துப் பதிவுக்குச் சேதமில்லை. ரோல்பிளேயில் புதியவருடைய பத்தி என்னுடைய பத்திக்கும் உங்களுடைய பத்திக்கும் நடுவே இருக்கிறது. அதை எப்படி உருவி எறிவது? வாக்குப் போட்டு நீக்கும் முறை இங்கே செல்லுபடியாகாது. எனவேதான் முன்கூட்டியே பார்க்க வேண்டியிருக்கிறது.

நள்ளிரவு வாசகி எழுதியது:

இதுவரை எழுதிய மூவரும் உள்ளே இருப்பவர்களாகப் பேசுகிறீர்கள். இத்தகைய குழு ஒன்றில் அண்மையில் சேர்ந்தவள் நான். அதன் பெயர் வேண்டாம். விண்ணப்பம் எனக்குச் சுமையாகவே இல்லை. ஒரே மாலையில் எழுதி முடித்தேன், மகிழ்ச்சியோடுதான் எழுதினேன். ஏற்றுக்கொண்டபோது பாராட்டும் இதயக்குறிகளும் குவிந்தன. பிறகு, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற குறிப்போடு துறைமுகத்துச் சந்தையில் ஒரு காட்சியைத் தொடங்கி வைத்தேன். ஒருவரும் வரவில்லை. அதே நாள்களில் பழைய உறுப்பினர்கள் தமக்குள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். வரவேற்றுப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் போவதுபோன்ற நடத்தை இது.

காரணம் பின்னர்தான் புரிந்தது. கதைக்குள் எழுதுவது ஐசி, கதைக்கு வெளியே பேசுவது ஓஓசி என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் அல்லவா? டப்பர்பாக்ஸ் போன்ற பாட் (தானியங்கி நிரல்) வழியாகப் பாத்திரத்தின் பெயரிலும் படத்திலும் எழுதுவது, இடையில் சொந்தக் குரலில் பேச நேர்ந்தால் இரட்டை அடைப்புக்குறிக்குள் இடுவது என்று அதற்கு நிறைய ஒழுங்குமுறை இருக்கிறது. அவையெல்லாம் விதிப்பக்கத்தில் தெளிவாகவே இருந்தன. ஆனால் எந்தக் காட்சியை யார் யார் எழுதுவது என்பது ஓஓசி அரட்டையிலும் தனிச்செய்தியிலும் முன்பே பேசி முடிவாகிறது என்ற செய்தி எந்த விதிப்பக்கத்திலும் இல்லை. அரட்டையில் கலந்துகொள்ளக் கூச்சப்படுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அங்கே தனியாகத்தான் நிற்பார்.

இதற்கு ஒரு வழியைச் சில குழுக்கள் ஏற்கெனவே கண்டிருக்கின்றன. 2009-இல் தொடங்கிய டிரீம்விட்த் என்னும் வலைப்பதிவுத் தளத்துக் குழுக்களில் 'டெஸ்ட் டிரைவ்' என்று ஒரு பொது இழை (தொடர் உரையாடல்) இருக்கும். மட்டுறுத்துநர்கள் புயலில் சிக்கிய கப்பல், விளக்கணைந்த மாளிகை என்பதுபோலச் சில சூழல்களைக் கொடுத்துவிடுவார்கள். இன்னும் சேராதவரும் தம் பாத்திரத்தோடு வந்து அதில் எழுதலாம். உறுப்பினர்களும் வந்து பதில் எழுதுவார்கள். அந்த உரையாடலையே பிற்பாடு விண்ணப்பத்தின் மாதிரியாகக் காட்ட அனுமதிக்கும் குழுக்கள் உண்டு. தனியாக உட்கார்ந்து எழுதும் மாதிரிக் காட்சி, இளவேனில் அவர்கள் தேடும் அந்த மூன்றாவது பண்பைக் காட்டவே முடியாது என்பதையும் கவனியுங்கள். எதிரே ஆள் இல்லாதபோது யாருக்கு இடம் விட்டு எழுதுவது?

தென்கரை வாசகன் எழுதியது:

நான் சொல்ல நினைத்ததை நள்ளிரவு வாசகி என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். டெஸ்ட் டிரைவ் இழை இருந்தால் விண்ணப்பம் எதற்கு? எழுதிப் பார்த்தாயிற்று, பதிலும் வந்தாயிற்று. நேரே உள்ளே வரவேண்டியதுதானே?

இளவேனில் எழுதியது:

எதிரே ஆள் இல்லாத மாதிரிக் காட்சி அரைகுறைச் சோதனை என்ற வாதத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனால் பொது இழையைப் பேணுவது எளிதென்று எண்ண வேண்டாம். வருகிற எல்லோருக்கும் உறுப்பினர் எவராவது பதில் எழுதியாக வேண்டும். இல்லையென்றால் துறைமுகச் சந்தையில் அவருக்கு நேர்ந்தது வாசலிலேயே நேரும். ஊதியமின்றி எழுத வருபவர்களை, 'இன்று நீங்கள் புதியவர்களுக்குப் பதில் எழுதுங்கள்' என்று நான் எப்படிக் கட்டாயப்படுத்துவேன்?

வயதைப் பற்றியும் ஒரு வரி. டிஸ்கார்டில் 13 வயதிலேயே கணக்குத் தொடங்கலாம். எங்கள் கதையில் போரும் சித்திரவதையும் வருகின்றன. 18 நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை என்பது எங்கள் விதி. இதைக் கேட்டு உறுதி செய்ய ஒரு படிவம் தேவை. பாத்திரத்தின் வயதையன்று, எழுதுபவரின் வயதைத்தான் சொல்கிறேன். முழுப்பெயரும் ஊரும் புகைப்படமும் நாங்கள் கேட்பதில்லை, எந்தக் குழு கேட்டாலும் புதியவர்கள் கொடுக்கவும் கூடாது.

பழைய மோடம் எழுதியது:

பதில் எழுத ஆளில்லை என்பதற்கு ஒரு காரணம் அந்தத் தொடக்கப் பதிவுகளிலேயே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நள்ளிரவு வாசகி தவறாக எண்ண மாட்டார் என்று நம்புகிறேன். 'அவள் சந்தையில் தனியே அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்' என்று முடியும் பதிவுக்கு என்ன பதில் எழுதுவது? அவள் பக்கத்தில் போய் நின்று நானும் கடலைப் பார்க்கத்தான் முடியும். 'விற்பவன் கேட்ட காசு அவளிடம் இல்லை; சுற்றியிருந்தவர்களை அவள் சங்கடத்தோடு பார்த்தாள்' என்று முடித்தால், கடன் கொடுப்பவர், கேலி செய்பவர், பையைத் திருடுபவர் என்று மூவர் உள்ளே வரலாம். இதை விதிப்பக்கத்தில் எழுதி வைப்பதால் பயனில்லை. பழையவர் ஒருவர் கூட இருந்து இரண்டு காட்சி எழுதினால் தானாக வந்துவிடும்.

நள்ளிரவு வாசகி எழுதியது:

என் பதிவு அவ்வளவு மோசமில்லை ஐயா, அதில் ஒரு தொலைந்த குதிரையும் இருந்தது. ஆனாலும் கூட இருந்து எழுத ஒருவர் வேண்டும் என்பதை மனமார ஏற்கிறேன்.

இளவேனில் எழுதியது:

எங்கள் குழுவில் வைத்துப் பார்க்க ஒரு முன்மொழிவைத் தயாரித்திருக்கிறேன். விண்ணப்பத்தில் பெயர், எழுதுபவர் 18 நிரம்பியவர் என்ற உறுதிமொழி, பாத்திரம் இந்த உலகில் என்ன தொழில் செய்கிறது என்ற ஒற்றைக் கேள்வி ஆகியவை மட்டும் இருக்கும். மாதிரிக் காட்சிக்குப் பதிலாகப் பொது இழையில் பழைய உறுப்பினர் ஒருவரோடு எழுதிய காட்சியைப் பார்ப்போம். அந்த உறுப்பினரே முதல் மாதம் அவருக்குத் துணையாக இருப்பார். துணையாக இருப்பவர் 'வேண்டாம்' என்றால் சேர்க்கை நிறுத்தப்படும்.

தென்கரை வாசகன் எழுதியது:

கடைசி வரியைத் தவிர மற்ற அனைத்துக்கும் என் ஆதரவு. காரணம் சொல்லாமல் ஒரே ஒருவர் மறுத்துவிட முடியுமானால், படிவத்திடம் இருந்த அதிகாரம் ஓர் ஆளிடம் போகிறது. ஓஓசி அரட்டையில் அவருக்கு யாரைப் பிடிக்கும் என்பதைப் பொறுத்து எல்லாம் அமைந்துவிடும். மறுப்பவர் காட்சியிலிருந்தே வரிகளை எடுத்துக்காட்டி மறுக்க வேண்டும் என்றும், வேறொருவரோடு மறுமுறை எழுதிப் பார்க்கும் உரிமை புதியவருக்கு உண்டு என்றும் சேர்த்துக்கொள்வீர்களா?

இளவேனில் எழுதியது:

வரிகளை எடுத்துக்காட்டுவதைச் சேர்த்துக்கொள்கிறேன். மறுமுறை வாய்ப்பை மற்ற மட்டுறுத்துநர்களிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும். அவர்களில் இருவர் நிச்சயம் எதிர்ப்பார்கள்.