அனுமதி குழம்பினால் பைலட் லைசென்ஸைப் பிடுங்கலாமா?

பல்லாவரம் பாலு:
போன வியாழன் ராத்திரி மதுரையில இருந்து வந்தேன். கிண்டி விளக்கெல்லாம் கிட்டத்துல தெரியுது, இதோ இறங்கிடும்னு பார்த்தா உறுமிக்கிட்டு மேல ஏறிடுச்சு. ஒரு சுத்து சுத்தித்தான் இறக்குனாங்க. வாசல்ல நின்ன பைலட்டையே கேட்டேன். "எங்க கால் சைன், அதாவது ரேடியோவுல விமானத்தைக் கூப்பிடற பேரும் எண்ணும், அதே மாதிரி இன்னொரு விமானத்துக்கும் இருந்துச்சு சார், லேண்டிங் அனுமதி யாருக்குன்னு குழப்பம்"னார். குழப்பமாம்! ஜிஎஸ்டி ரோட்டுல சிக்னலை கவனிக்காத ஆட்டோக்காரனை சும்மா விடுறோமா? ஆறு மாசம் லைசென்ஸைப் பிடுங்கணும்.

முன்னாள் டவர்:
பாலு சார், பல வருஷம் கன்ட்ரோல் டவர்ல விமானங்களுக்கு அனுமதி கொடுக்கற மைக் முன்னாடி உட்கார்ந்தவன் நான். சந்தேகம் வந்துச்சு, இறங்கலை. உங்க பைலட் செஞ்சது சரி. ஒரே ரேடியோ ஃப்ரீக்வென்சியில எல்லாரும் இருப்பாங்க, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசலாம். ரெண்டு பேர் ஒண்ணா மைக் பட்டனை அமுக்கினா கீச்சு சத்தம்தான் மிச்சம். 1977ல டெனரீஃப் தீவுல மூடுபனியில ரெண்டு ஜம்போ விமானம் ரன்வேயில மோதி 583 பேர் போனாங்க. "காத்திரு, நான் கூப்பிடறேன்"னு டவர் சொன்னதும், "இன்னும் ரன்வேயிலதான் இருக்கோம்"னு அதுல ஒண்ணான பான் ஆம் விமானம் சொன்னதும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, கிளம்பப் போன இன்னொரு ஜம்போவோட காதுக்கு ஒழுங்கா சேரலை.

கிண்டி குரு:
அதுக்குத்தான சார் ரீட்பேக்? வாங்கினதைத் திருப்பிச் சொன்னா குழப்பம் எங்க வரும்?

முன்னாள் டவர்:
வரும் தம்பி. 1989, கோலாலம்பூர், சரக்கு ஜம்போ. 2,400 அடிக்கு இறங்கச் சொல்லி "டூ ஃபோர் ஜீரோ ஜீரோ"ன்னாங்க. காக்பிட்ல அந்த "டூ" ரெண்டுங்கிற எண்ணாவே படலை, இங்கிலீஷ்ல "க்கு"ன்னு அர்த்தம் வர்ற "to"வாப் பட்டு, "400க்கு இறங்கு"ன்னு புரிஞ்சுது. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ"ன்னு திருப்பியும் சொன்னாங்க. கீழ இருந்தவங்க திருத்தலை. மலையில மோதி நாலு பேரும் செத்தாங்க. எங்க ஜாதி தப்பும் அதுல இருக்கு, மறைக்கலை.

கிண்டி குரு:
பாதியைத்தான் சொல்றீங்க. தரை நெருங்குதுன்னு எச்சரிக்கை அலறினதையும் அந்த காக்பிட்ல கண்டுக்கலையே?

பல்லாவரம் பாலு:
அப்படிக் கேளுங்க குரு! 1990ல நியூயார்க்ல ஏவியாங்கா விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் செத்தாங்க. "முன்னுரிமை வேணும்"னு கேட்டாங்களே தவிர, "எமர்ஜென்சி"ங்கிற வார்த்தை வாயில வரலை. வாயைத் திறக்காதவங்களுக்கு என்ன சலுகை?

முன்னாள் டவர்:
சரி, தண்டிங்க. அப்புறம் என்ன ஆகும்? உங்ககிட்ட வாசல்ல நின்னு உண்மையைச் சொன்னார் பாருங்க, அவரே அடுத்த தடவை "காத்து சரியில்ல சார்"னு சொல்லிட்டுப் போயிடுவார். எந்த ரெண்டு எண் குழப்புதுன்னு யாருக்குமே தெரியாம போயிடும்.

கிண்டி குரு:
இதை ஒத்துக்கறேன். ஆனா வேணும்னே அசட்டையா இருந்தவனுக்கும் இதே மன்னிப்புன்னா ஒத்துக்க மாட்டேன்.

முன்னாள் டவர்:
அவனுக்கு நானும் மன்னிப்பு கேட்கலை.

பல்லாவரம் பாலு:
சரி சார், லைசென்ஸை விட்டுடறேன். ஒரே மாதிரி எண்ணை மாத்தறது யார் வேலை?

முன்னாள் டவர்:
முதல்ல ஏர்லைன் வேலைதான். எண்ணோட எழுத்தும் சேர்த்து கால் சைன் வெச்சா பாதி தலைவலி போயிடும்.

பல்லாவரம் பாலு:
போர்டிங் பாஸ் இன்னும் சட்டைப் பையிலதான் இருக்கு. இன்னைக்கே அவங்களுக்கு எழுதறேன்.