கார் ஓடாத தீவுக்குப் படகில் ஒரு நாள்: எங்கே போகலாம்?

கேள்வி (ஈரக்காற்று):
அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சமதரையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார், படி என்றால் மூட்டு பிடித்துக்கொள்ளும். மகளுக்குச் சைக்கிள் இருந்தால் போதும். காரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் பயணிகள் படகில் போகிற தீவாகப் பார்க்கிறேன். கிரீஸின் ஹைட்ரா, அமெரிக்காவின் மாக்கினாக், ஹாங்காங்கின் லாமா மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். எது ஒத்துவரும்?

பதில் (துறைமுகத்தான்):
யோசிக்கவே வேண்டாம், மாக்கினாக்தான். 1898-லேயே மோட்டார் வண்டிக்குத் தடை போட்ட ஊர். தீவைச் சுற்றிக் கரையோரமாகவே ஏறக்குறைய 13 கி.மீ. சாலை, பெரும்பாலும் சமம். மகள் சைக்கிளில் ஒரு சுற்று வரட்டும், அப்பா குதிரை வண்டியில் ஊர் பார்க்கட்டும். கோடையில் போங்கள், குளிர்காலத்தில் தீவைச் சுற்றியுள்ள ஏரி உறைந்தால் படகு நின்றுவிடும்.

ஹைட்ரா என் உயிர். கரையில் இறங்கியதும் கழுதைகள் வரிசையாக நிற்கும், சேணத்தில் பெட்டிகளைக் கயிறு போட்டு இறுக்குவார்கள், குளம்புச் சத்தம் கல்தரையில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் துறைமுகத்தை விட்டு உள்ளே போனால் படிக்கட்டுதான். அப்பாவை அங்கே கூட்டிப்போக எனக்கு மனசு வராது.

எந்தத் தீவானாலும் கடைசிப் படகின் நேரத்தை முதலில் எழுதி வையுங்கள். திரும்புவதற்கு அதற்கு முந்தின படகையே குறிவையுங்கள். சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் துறைக்கு வருவார்கள். இடம் கிடைக்காவிட்டாலும் இன்னொரு படகு மிச்சம் இருக்கும். பெரியவர்களோடு போகும்போது இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பதில் (நடைராணி):
லாமா நடக்கிறவர்களுக்கானது. யுங் ஷூ வான் துறையில் இறங்கி, மேட்டைத் தாண்டி, சொக் குவூ வான் துறையில் படகேறலாம். வந்த வழியே திரும்ப வேண்டாம் என்பதே பெரிய சுகம். நடுவில் நிழலில்லாத ஏற்றம் உண்டு, அப்பாவுக்கு வேண்டாம். சொக் குவூ வானிலிருந்து படகும் குறைவு.

ஈரக்காற்று:
மாக்கினாக் என்றே முடிவு. மகளுக்குப் படகில் குமட்டும், என்ன செய்யலாம்?

துறைமுகத்தான்:
கீழ்த்தளத்தில், படகின் நடுவில் உட்கார வையுங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். போனைப் பார்க்க விடாதீர்கள், தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது. கிளம்பும் காலையில் காற்று பலமாக இருந்தால், படகு ஓடுகிறதா என்று கேட்டுவிட்டே காரை எடுங்கள்.