பொம்மைக் கட்டையில சூப்பர் ஹீரோ கூட்டணிப் படம்: வெளிச்சம் மினுக்குது, செட் ஆடுது, கேப் நிக்க மாட்டேங்குது

பல்லடத்தான்:
வணக்கமுங்க. பள்ளிக்கூடப் பசங்க கொஞ்சப் பேரு சேர்ந்து பொம்மைக் கட்டையில ஸ்டாப் மோஷன் படம் (கொஞ்சம் கொஞ்சமா நவுத்தி ஒவ்வொரு படமா எடுத்து ஓட்டறது) எடுக்கறாங்க. 3 நிமிசப் படம். ஆறு ஹீரோ தனித்தனியா வந்து, கடைசியில ஒண்ணு சேர்ந்து வில்லனை மடக்கற கதை. சாமான்: ஆண்ட்ராய்டு போன், சின்ன ட்ரைபாட், ரெண்டு எல்இடி பல்பு, லெகோவும் அதோட சேர்ற வேற கம்பெனிக் கட்டைகளும் கலந்து. ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ ஆப்தான் போட்டிருக்கு.

சிக்கல் இதுதானுங்க. ஓட்டிப் பார்த்தா வெளிச்சம் மினுக்கு மினுக்குனு அடிக்குது. பக்கத்துல விசைத்தறி ஓடறதால மொத்த செட்டும் நடுங்குது. ஹீரோ முதுகுல மாட்டற துணி கேப் தொங்கிப் போயிருது, பறக்கற மாதிரி நிக்கல. ஆளைப் பறக்க விடறது எப்படின்னும் தெரியல. நொடிக்கு எத்தனை படம் வெச்சா சரியா வரும்?

சூலூர்_ஃப்ரேம்:
மினுக்கறதுக்குக் காரணம் ஒண்ணு இல்லைங்க, நாலு இருக்கு. ஒவ்வொண்ணா அடைச்சாத்தான் நிக்கும்.

முதல்ல போன். ஆட்டோவுல விட்டா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் கலரையும் அதுவே புதுசாக் கணக்குப் போடும். செகப்புக் கேப் போட்ட ஆளு உள்ள வந்ததும் பின்னாடி சொவரு பச்சையடிக்கறது அதனாலதான். ஆப்புல எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (கலர் சமன்) மூணையும் மேனுவலுக்கு மாத்திப் பூட்டுங்க. ஐஎஸ்ஓ (ஒளியை உணர்ற அளவு) 100, இல்லேன்னா போன் தர்ற கீழ்மட்ட அளவு. ஹெச்டிஆர் (பல வெளிச்சத்துல எடுத்து ஒண்ணாக் கலக்கறது) இருந்தா அணைச்சிருங்க.

ரெண்டாவது ஷட்டர், அதாவது ஒரு படத்துக்கு கேமரா ஒளி வாங்கற நேரம். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால மட்டமான பல்பு நொடிக்கு 100 தடவை கூடிக் கொறையும். ஷட்டர் 1/50 இல்லேன்னா 1/25-ல இருந்தா முழுச் சுத்து உள்ள விழுந்துரும், எல்லாப் படத்துலயும் ஒரே வெளிச்சம் கெடைக்கும். 1/60, 1/125 வெச்சா அரைகொறையா விழுந்து பட்டை பட்டையாத் தெரியும்.

மூணாவது வோல்ட்டேஜ். தறிப் பட்டறை இருக்கற லைன்ல மோட்டார் எடுக்கறப்பெல்லாம் வோல்ட்டேஜ் எறங்கும், டிரைவர் (கரண்டைச் சீராக்கற சர்க்யூட்) இல்லாத வெலை கொறஞ்ச எல்இடி அதோட சேர்ந்து மங்கும். பவர் பேங்க்ல ஓடற யுஎஸ்பி எல்இடி விளக்கு ரெண்டு வாங்கிருங்க. ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருக்கோணும். இல்லேன்னா ஒண்ணு மஞ்சளாவும் ஒண்ணு நீலமாவும் அடிக்கும். வெளிச்சம் கொறைக்கற பட்டன் இருந்தாத் தொடாதீங்க, பல விளக்குல அந்தப் பட்டனே மினுக்கலைக் கொண்டாந்துரும். முழு வெளிச்சத்துல போட்டு, வேணும்னா தள்ளி வெச்சுக் கொறைச்சுக்குங்க. போட்டு பத்துப் பதினஞ்சு நிமிசம் சூடாக விட்டுட்டு ஷூட் தொடங்கோணும்.

நாலாவது சன்னலும் நீங்க போட்டிருக்கற சட்டையும். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்தோட மேகம் ஓடற நாள்ல ஒரு நிமிசத்துக்கு ஒரு வெளிச்சம். சன்னல்ல கறுப்புத் துணி கட்டி முழுசா மூடுங்க, ஃபேனையும் அணைங்க. சட்டை கறுப்பு. வெள்ளைச் சட்டைக்காரர் குனிஞ்சா செட்டு பளிச்சுங்கும், நிமிந்தா மங்கும். ஒவ்வொரு படத்துக்கும் எல்லாரும் ஒரே எடத்துல நின்னே ஷட்டர் அமுக்கோணும். போனைத் தொடாம ப்ளூடூத் ரிமோட்டுல எடுங்க.

தறி ஆட்டத்துக்கு: ட்ரைபாட் தரையில, செட் மேசையிலன்னு இருந்தா ரெண்டும் வேற வேற மாதிரி ஆடும், அதுதான் நடுக்கமாத் தெரியுது. ரெண்டடிக்கு மூணடி கடப்பாக்கல் ஒண்ணு எடுத்துத் தரையில போடுங்க. அடியில நாலு மூலைக்கும் பழைய வண்டி டியூப்பை மடிச்சு வைங்க. செட்டு, போன், விளக்கு மூணும் அந்தக் கல்லு மேலயே இருக்கட்டும். அப்புறம் ஆடினாலும் சேர்ந்து ஆடும், படத்துல தெரியாது. அடித்தட்டை ரெட்டைப் பக்க டேப்புல கல்லோட ஒட்டிருங்க. இதுல ஷட்டரை 1/4, 1/2-னு இழுக்காதீங்க, அதிர்வு மசமசன்னு பதிஞ்சுரும்.

வைண்டிங்_கட்டை:
கேப்புக்கு நான் சொல்றேன். கட்டையோட வர்ற துணி வெறைப்பா ஒரே வளைவுல நிக்கும், பனியன் துணி தொங்கும். திருப்பூர்ல கட்டிங் வேஸ்ட் சும்மாவே கெடைக்குதுன்னு சிங்கிள் ஜெர்சியை வெட்டீராதீங்க, வெட்டின ஓரம் சுருண்டுக்கும். நெசவுத் துணி, மெல்லிசு பாப்ளின் எடுங்க.

கழுத்துப் பக்கம் 16 மி.மீ., அடி அகலம் 32, நீளம் 28. இந்த அளவுல ரெண்டு துண்டு வெட்டி, நடுவுல கம்பி வெச்சு ஃபெவிகால்ல ஒட்டோணும். கம்பி மோட்டார் வைண்டிங் கடையில கெடைக்கற எனாமல் செம்புக் கம்பி. கோயமுத்தூர்ல பம்புசெட் மோட்டார் கட்டற கடைக்கா பஞ்சம்? 30-ம் நம்பர் கேளுங்க, 0.3 மி.மீ. சொச்சம் வரும். 36-ம் நம்பர் துணியோட எடையைத் தாங்காது. 24-க்குப் போனா வளைக்கறப்ப ஆளே சாஞ்சுருவான். ரெண்டு ஓரத்துக்கும் ஒவ்வொண்ணு, அடிக்கு ஒண்ணு, ‘ப’ எழுத்து மாதிரி. கழுத்து ஓட்டை 5 மி.மீ. அந்த எடத்துல மட்டும் துணி ஒத்தையா இருக்கோணும், கம்பியும் வரப்படாது. ரெட்டைத் துணி வெச்சா தலை முழுசா எறங்காம கழுத்து தூக்கிக்கிட்டு நிக்கும்.

காத்துல ஆடறதுக்கு ஒவ்வொரு படத்துக்கும் அடி ஓரத்துல ஒரு மூலையை மேல, ஒரு மூலையைக் கீழன்னு நாலு நிலையில சுத்துங்க. எல்லா ஹீரோவுக்கும் ஒரே தாளத்துல ஆட்டினா பள்ளிக்கூட டிரில் மாதிரி இருக்கும், ஒவ்வொருத்தனை ஒவ்வொரு நிலையில தொடங்குங்க.

பறக்க வைக்கறது: ஆளோட காலுக்குப் பின்னால குழி இருக்கும், உக்கார வைக்கறதுக்குன்னு குடுத்தது. அதுல ஒத்தைக் குமிழ் (கட்டை மேல இருக்கற முளை) வட்டத் தட்டு ஒண்ணை மாட்டி, அந்தத் தட்டுல கட்டுக்கம்பியை ரெண்டு மூணு இழை முறுக்கி ஒட்டிருங்க. மறு முனையை ஒரு கனமான கட்டைக் குவியல்ல சொருகுங்க. கம்பி ஆளுக்கு நேர் பின்னால போகோணும், பக்கவாட்டுல வந்தா அழிக்கறது பெரும்பாடு. ஷாட் தொடங்கறதுக்கு முந்தி ஆளு, கம்பி எதுவும் இல்லாம வெறும் செட்டை ஒரு படம் எடுத்து வெச்சுக்குங்க. அப்புறம் கிம்ப்ங்கற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல வெறும் படத்தை அடியில போட்டு, மேல் படத்துல கம்பி இருக்கற எடத்தை லேயர் மாஸ்க்ல மறைச்சா கீழ இருக்கற சொவரு தெரியும். இங்க எல்லாரும் கோட்டை விடறது கம்பியோட நெழல். பின் சொவரை ஆளுக்கு 20 செ.மீ. தள்ளி வெச்சு, விளக்கை மேல இருந்து அடிச்சா நெழல் சொவத்துல விழாம தரையில விழும்.

கை, இடுப்பு லூசா இருந்தா பறக்கற ஷாட்ல கை தானா எறங்கிக்கிட்டே வரும். மூட்டுல நெறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் அடிச்சு, நல்லாக் காஞ்சப்புறம் மாட்டுங்க. ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம்: மூட்டு இறுகிப் போகும், சுத்தியும் வெள்ளையாப் பூத்துக்கும். கையைக் கழட்டறப்ப நேரா இழுக்காம மெல்லத் திருப்பி எடுங்க, ஒடம்போட பக்கச் சொவரு வெடிச்சா அப்புறம் எந்தப் பாலிஷும் நிக்காது.

உடுமலைக்காத்து:
நொடிக்கு 12 படம் போதும். 3 நிமிசத்துக்கு 2160 படம் வருது. 15-னா 2700, 24-னா 4320. பசங்க பொறுமை 2160-க்கே தாங்குமான்னு பாருங்க. 2014-ல வந்த லெகோ படம் பெரும்பகுதி கம்ப்யூட்டர்ல சிட்னி அனிமல் லாஜிக்ல செஞ்சது. அதுலயே கட்டையைக் கையால நவுத்தின மாதிரித் தெரியோணும்னு பெரும்பாலும் ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு நிலைன்னு வெச்சாங்க, பிளாஸ்டிக்ல கைரேகை, கீறல் எல்லாம் சேர்த்தாங்க. கொஞ்சம் வெட்டு வெட்டுனு இருக்கறதுதான் இந்த வகைப் படத்துக்கு அழகே.

நடை: ஒரு எட்டு எடுத்து வைக்க 4 படம், படத்துக்கு அரைக் குமிழ், அதாவது 4 மி.மீ. ஒரு எட்டு ரெண்டு குமிழ், 16 மி.மீ. குமிழ் மேல நடக்க விட்டா அரைக் குமிழ்ல நிக்க எடமே இருக்காது. தரையில வழவழப்புத் தட்டைப் பதிச்சு, ஊனற காலுக்கு அடியில ப்ளூ டேக் (ஒட்டற களிமண் மாதிரி பசை) துளி வைங்க.

குத்து விடறப்ப கையைப் பின்னால இழுக்க 3 படம், குத்து 1 படம், பட்டப்புறம் அசையாம 4 படம். எல்லாரும் குத்துக்கு 3 படம் குடுப்பாங்க, அப்ப அது தடவற மாதிரி இருக்கும்.

சூலூர்_ஃப்ரேம்:
12-க்கு நான் ஒத்துக்கறேன், ஒரு விசயம் தவிர. கேமரா நகர்ற ஷாட்டுக்கு 12 வெச்சா கண்ணு வலிக்கும். கேமராவை நகர்த்தவே நகர்த்தாதீங்க. வேணும்னா கொஞ்சம் அகலமா எடுத்து எடிட்டிங்குல மெல்ல நகர்த்திக்கலாம்.

பல்லடத்தான்:
ரொம்ப நன்றிங்க. கல்லு, பவர் பேங்க் விளக்கு ரெண்டும் ஏற்பாடு பண்ணியாச்சு. இன்னொண்ணு: ஆறு பேரும் ஒண்ணா நிக்கற ஷாட்டுல பொம்மை அணிவகுப்பு மாதிரி இருக்கு, கம்பீரமே இல்லை. பேச்சுக்கு வாயை என்ன பண்றது? தறிச் சத்தத்துல குரலும் பதிய முடியல.

உடுமலைக்காத்து:
கேமரா மேல இருந்து பாக்குது, அதான். ஆளு ஒசரம் 4 செ.மீ. லென்ஸ் அவன் கண்ணு மட்டத்துக்கோ அதுக்கும் கீழயோ வரோணும். ட்ரைபாட் அவ்வளவு எறங்காது. போனைத் தலைகீழாக் கவுத்துக் கல்லு மேல நிறுத்துங்க. லென்ஸ் போனோட மேல் முனையில இருக்கறதால கவுத்தா தரையை ஒட்டி வந்துரும். படம் தலைகீழா வந்தா எடிட்டிங்குல திருப்பிக்கலாம்.

வரிசையா நிறுத்தாம ‘வி’ வடிவுல நிறுத்துங்க, நடுவுல இருக்கறவன் முன்னால. பின்னால நிக்கறவங்களுக்குக் காலடியில தட்டு வைங்க, ஒரு தட்டு 3.2 மி.மீ., மூணு சேர்ந்தா ஒரு கட்டை ஒசரம். ஒருத்தனுக்கு ஒண்ணு, ஒருத்தனுக்கு ரெண்டுன்னு ஏத்தி எறக்குங்க, தட்டு தெரியாம முன்னால இடிஞ்ச சொவரு மாதிரி கட்டையைப் போட்டுருங்க. போன் ரொம்பக் கிட்டப் போனா முன் ஆளு மட்டும் தெளிவா இருப்பான், 30 செ.மீ. தள்ளி வெச்சு எடுத்து ஓரத்தை வெட்டிக்குங்க.

இன்னொண்ணு, கூட்டணிப் படத்துல இதுதான் ஆளைக் கொல்றது: ஒரு ஷாட்டுல ஆறு பேரையும் ஆட்டாதீங்க. ரெண்டு பேரு ஆடினாப் போதும், மூணாவது ஆளோட கேப் மட்டும் அசையட்டும். மத்தவங்க செலையா நிக்கலாம், யாரும் பார்க்க மாட்டாங்க. ஆறு பேருக்கும் கை வெச்சா ஒவ்வொரு படத்துலயும் ஒருத்தனையாச்சும் தெரியாம இடிச்சுருவீங்க. அதனால ஆட்டற ரெண்டு பேரும் கைக்கு எட்டற ஓரத்துல இருக்கோணும், நடுவுல இல்லை.

தொண்டாமுத்தூர்_மைக்:
குரலை முதல்ல பதியுங்க, படம் அப்புறம். தறி ஓட்டம் நிக்கற நேரமாப் பார்த்து, கண்ணாடி ஏத்தின காருக்குள்ள உக்காந்து பதியலாம். சீட்டு மெத்தை எதிரொலியைக் குடிச்சுரும். பேசறதுக்கு முந்தி அரை நிமிசம் வெறும் சத்தத்தைப் பதிஞ்சு வெச்சா, அடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல அதை மாதிரியாக் காட்டி இரைச்சலை எடுக்கலாம். ஒரே சீரான உறுமல்தான் அதுல போகும். தறி நாடா (ஊடை நூலைக் கொண்டு போறது) அடிக்கற ‘டக் டக்’ போகாது, குரலும் சேர்ந்து கெட்டுப்போகும்.

வாய்க்கு ஆறு வடிவம் வரைஞ்சா தமிழுக்குப் போதும்: மூடின வாய் (ம, ப), அகலத் தெறந்தது (அ, ஆ), பக்கவாட்டுல இழுத்தது (இ, எ), குவிஞ்சது (உ, ஒ), பல்லு தெரியறது (த, ந, ல), சும்மா இருக்கறது. நொடிக்கு 12-ல சாதாரணப் பேச்சுக்கு எழுத்துக்கு ரெண்டு படம் ஏறக்குறைய சரியா உக்காரும். எல்லா எழுத்துக்கும் வாயை மாத்த வேண்டியதில்லை. ம, ப வர்ற எடத்துல மூடறது தப்பாம இருந்தா மத்தது கண்ணுக்குத் தெரியாது. அதையும் வரைய நேரமில்லைன்னா வாயை விட்டுட்டு அழுத்தம் விழற எழுத்துல தலையையோ கையையோ அசைச்சுருங்க.

வைண்டிங்_கட்டை:
போட்டிக்கு அனுப்பறதா இருந்தா ஒண்ணு. ஊரறிஞ்ச அமெரிக்க ஹீரோக்களை அப்படியே போடாதீங்க, அதுக்கெல்லாம் உரிமைக்காரங்க இருக்காங்க. வீட்டுக்குள்ள பார்க்கறது வேற, போட்டிக்கும் யூட்யூபுக்கும் போறது வேற. படத் தலைப்புல கட்டைக் கம்பெனி பேரும் வேண்டாம். ஈரோட்டு மஞ்சள், பவானி ஜமுக்காளம், பம்புசெட், காத்தாலைன்னு நம்மூர்லயே ஆறு சக்திக்குக் கொறைச்சலா? ஜமுக்காளக்காரனுக்குக் கேப்பே ஆயுதம், ஜமுக்காளத்துப் பட்டைக் கோடுகளை நெசவுல தேட வேண்டாம், துணிப் பேனாவுல போட்டுக்கலாம். காத்தாலைக்காரனுக்கு மட்டும் எறக்கை சுத்தறப்ப கணக்குப் பாருங்க: மூணு எறக்கை, ஒரு படத்துக்கு சரியா 120 டிகிரி திருப்பினா சுத்தாம நிக்கற மாதிரியே தெரியும், 60 வெச்சா முன்னால போகுதா பின்னால போகுதான்னே புரியாது. 30 டிகிரி வைங்க.