மறு: 'தட் ஆஃப்' விடுபடும் பிழைக்குத் தமிழில் ஒரு பெயர்

குழுவினருக்கு வணக்கம். எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பயிற்சிநூலுக்குத் தமிழ் விளக்கம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் மதுரை' என்று என் வகுப்பில் பாதிப் பேர் எழுதுகிறார்கள். 'தேன் தட் ஆஃப் மதுரை' என்று வர வேண்டும். இல்லாவிட்டால் ஊட்டியின் தட்பவெப்பத்தை மதுரை என்ற ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். 'ஊட்டியின் குளிர் மதுரையைவிட அதிகம்' என்று தமிழில் சொன்னால் யாரும் குறை சொல்வதில்லை. அந்தப் பழக்கம்தான் காரணம். 'பிழையான ஒப்பீடு' என்று போட்டால் 'மோர் பெட்டர்' போன்றவையும் அதில் நுழைந்துவிடும். தனிப்பெயர் வேண்டும்.

—

அம்மா, பெயர் நம்மிடமே இருக்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்று காட்டிய உரையாசிரியர்கள், பொருவை, அதாவது ஒப்பீட்டை, உறழ்பொருவு (ஒன்று மற்றதை மிஞ்சுவது), உவமப்பொருவு (இரண்டும் ஒத்திருப்பது) என்று பிரித்தார்கள். ஆங்கிலத்தில் 'தேன்' என்ற சொல் வருவது உறழ்பொருவு. வழு என்றால் பிழை. ஆகவே 'உறழ்பொருவு வழு'. 'விட' என்ற சொல்லையும் பாருங்கள்: விடுதல், ஒன்றை விட்டு மேலே போதல். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் பொருளும் உண்டல்லவா? 'காட்டிலும்' காட்டுதலிலிருந்து, 'பார்க்கிலும்' பார்த்தலிலிருந்து. ஒப்பிடும் பொருளைக் கண்முன் நிறுத்திய பிறகே நம் மொழி அதைக் கடக்கிறது. இதைத் தனி இழையாக எழுத விரும்புகிறேன்.

—

ஐயா, எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன். ஆனால் சொற்கள் சேரும் புணர்ச்சியில் உறழ்ச்சி என்றால் இயல்பாகவும் திரிந்தும் வருவது. பதின்மூன்று வயதுப் பிள்ளை இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்? 'ஒவ்வா ஒப்பீடு' போதும்.

—

'ஒவ்வா' என்றதும் மருந்து ஒவ்வாமைதான் நினைவுக்கு வரும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுவைப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் கேட்டிருப்பார்கள். அந்த வரிசையிலேயே 'ஒப்பு வழு' என்று வைக்கலாம்.

—

'ஒப்பு வழு' என்றே போடுகிறேன்; தனிமடலிலும் மூவர் அதையே சொன்னார்கள். 'ஹிஸ் சேலரி இஸ் ஆஸ் ஹை ஆஸ் எ டாக்டர்' என்றும் எழுதுகிறார்கள். அங்கே 'தேன்' இல்லை, ஆனால் சம்பளத்தை மருத்துவரோடு ஒப்பிடும் பிழை அதேதான். உறழ்பொருவு என்றால் இது வெளியே நின்றுவிடும்.

—

அப்படியானால் 'உறழ்' வேண்டாம், அம்மா. 'பொருவு வழு' என்று வையுங்கள். இரண்டு வகையும் அதில் அடங்கும். 'ஒப்பு' என்றால் உவமை மட்டும்தான் நினைவில் நிற்கும். அச்சுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே?