‘டொங்கிள்’ வேண்டாம்: பழைய கணினியை வைஃபையில் சேர்க்கும் கருவிக்குக் கலைச்சொல்

பண்டாரவளையிலிருந்து:

வணக்கம் சேர். கலைச்சொல் பட்டியலில் ‘டொங்கிள்’ என்றே விட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் டொங்கிள் என்றால் சிம் போடும் கருவி. பழைய டெஸ்க்டொப்பை வீட்டு வைஃபையில் சேர்க்க யூஎஸ்பி குச்சி தேடிப் போகிறவர் அதை வாங்கிக்கொண்டு திரும்புவார். ‘ஒலிவாங்கி’ போல ‘அலைவாங்கி’ எனலாமா?

ஹட்டனிலிருந்து:

> ‘அலைவாங்கி’ எனலாமா?

அன்டெனாவுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது தம்பி. தவிர, இந்தக் குச்சி வாங்குவதோடு அனுப்பவும் செய்கிறது. கருங்கல் சுவர் வைத்த தோட்டத்து லயன் (வரிசை) வீட்டில் கோளாறு வருவதே அங்கேதான். ரவுட்டர் சொல்வது கணினிக்குக் கேட்கும், கணினி சொல்வது ரவுட்டருக்கு எட்டாது. சிக்னல் கோடு காட்டும், பக்கம் திறக்காது. குச்சியைக் கணினிப் பெட்டியின் பின்புறம் சொருகாமல், ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் மேசைமேல் எடுத்து வைத்தாலே பெரும்பாலும் தீரும். இருவழி வேலை என்பதால் ‘அலையிணைப்பி’ என்பேன்.

விளக்கக் குறிப்பில் இவையும் வரட்டும். பழைய அலையிணைப்பிகள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரவுட்டர் அதில் 12, 13ஆம் சனல்களில் இருந்தால் சிலவற்றுக்கு வைஃபையின் பெயரே தெரியாது. 1, 6, 11இல் ஒன்றை வையுங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு சேர்விஸ் பெக் 3 என்ற மேம்படுத்தலைப் போட்டு, ரவுட்டரில் டபிள்யூபிஏ2 ஏஈஎஸ் என்ற பாதுகாப்பு முறையைத் தெரிவு செய்யவேண்டும். டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பாஸ்வேட் சரியாக இருந்தும் சேராது.

பண்டாரவளையிலிருந்து:

அலையிணைப்பி எனக்குச் சம்மதம். ஆனால் விண்டோஸ் 98 ஓடும் பெட்டிக்கு? டபிள்யூஈபி என்ற பழைய பாதுகாப்பு முறையை மட்டும் அறிந்த வைஃபை கார்டுக்காக ரவுட்டரையே டபிள்யூஈபிக்கு இறக்கச் சொல்கிறார்கள்.

ஹட்டனிலிருந்து:

இறக்கவே கூடாது. டபிள்யூஈபியைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். ஒரு பெட்டிக்காக வீடு முழுவதும் திறந்து கிடக்கும். கிளையன்ட் முறை உள்ள பழைய ரவுட்டர் ஒன்று போதும். அது வைஃபையில் சேரும், கணினி லேன் வயரில் அதனோடு சேரும். கணினிக்கு வைஃபை டிரைவரே தேவையில்லை. இதற்கு ‘அலைப்பாலம்’. மேல் லயனுக்கும் கீழ் லயனுக்கும் வயர் இழுத்து ஐப்பசி இடிமின்னலுக்குக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ நல்லது.

பிரதான ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் பாலத்துக்கு 192.168.1.2. முதலில் கணினிக்குக் கையால் 192.168.1.50 கொடுங்கள், பிறகு பாலத்தில் கிளையன்ட் முறையைப் போட்டு, முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபியை நிறுத்துங்கள். வரிசை மாறினால், கணினிக்குக் கையால் முகவரி கொடுக்கும்வரை அமைப்புப் பக்கத்துக்கே திரும்பப் போக முடியாமல் போகலாம். கணினியின் வயர் பாலத்தின் லேன் துளையில்தான், இணைய இணைப்புக்கான வான் துளையில் அல்ல.

ஒன்றைக் கட்டாயம் குறிக்கவேண்டும்: சாதாரண கிளையன்ட் முறையில் பாலத்துக்குப் பின்னால் ஒரு கணினிதான் நிச்சயம். ஆளி (நெட்வேர்க் ஸ்விட்ச்) வைத்துப் பலவற்றைச் சேர்க்க, இரு முனையும் டபிள்யூடிஎஸ் (ரவுட்டர்களை வைஃபையால் இணைக்கும் முறை) அறிந்திருக்கவேண்டும்.

கடைகளில் ‘பூஸ்டர்’ என்று விற்கும் ரிப்பீட்டரை இதோடு கலக்காதீர்கள். அதில் பலவற்றுக்கு லேன் துளையே இல்லை. அதை ‘அலைநீட்டி’ என்று தனியாகப் பதியலாம்.