புதுப்பிப்பு: மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை, மலையிலிருந்து போகிறவர்களுக்கு

இந்த சிகிச்சை யாருக்குப் பொருந்தும், தழும்பு எப்படி இருக்கும் என்று முன்பு எழுதியிருந்தோம். ஊட்டி, கோத்தகிரி தோழிகள் அதிகம் கேட்டது ஒன்றுதான்: கோயம்புத்தூரில் செய்துகொண்டு மறுநாளே மலையேறலாமா?

வேண்டாம். உள்ளே ரத்தம் கட்டும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கி இறுகி வலித்தால், உடனே திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் மலைப்பாதையில் பர்லியாறு வளைவில் இருக்கக் கூடாது. கசியும் ரத்தமும் நீரும் வடிய வைத்த ட்யூபை எடுத்து, முதல் கட்டுப் பிரித்துப் பார்க்கும்வரை கீழேயே தங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடலாம். தேதி குறிக்கும்போதே யோசியுங்கள்.

காம்பைச் சுற்றி, அங்கிருந்து நேர்கீழே, பிறகு மார்பின் அடியில் என்று போகும் நங்கூர வடிவத் தையலில் காயம் பிரிவது பெரும்பாலும் நெடுக்குக் கோடும் மார்பின் அடிக்கோடும் சேரும் இடத்தில். அங்கே இழுப்பு அதிகம், ரத்த ஓட்டம் குறைவு. சிறியதென்றால் கட்டுப்போட்டே ஆறிவிடும், சில வாரம் பிடிக்கும். பீடி, சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையையும் சிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்துங்கள். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், மார்புக் காம்பே கருகிப்போகலாம். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

தேயிலை பறிப்பவர்கள் டாக்டர் சொல்லும்வரை, சுமார் 6 வாரம், மூட்டை தூக்கக் கூடாது. கம்பியில்லாத பிரா இரவும் பகலும் வேண்டும்.

குளிருக்காக மார்பில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். தோல் மரத்திருக்கும், சுடுவது தெரியாமலே வெந்துவிடும்.

இனி குழந்தை பெறுவதாக இருந்தால், தாய்ப்பால் குறையலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டோடு போங்கள்.