கிரான்லி: 11,000 பேர் வாழும் ஓர் ஊர் ஏன் இன்னும் கிராமமாக இருக்கிறது?

சாம்பல்தீவு வாசகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையில் திருகோணமலைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரின் வரலாற்றை ஒரு மலராகத் தொகுக்கும் பொறுப்பைச் சனசமூக நிலையத்தார் என்னிடமும் வேறு சிலரிடமும் ஒப்படைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சரே கவுண்டியில், கில்ட்போர்ட் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவில் உள்ள கிரான்லி என்ற ஊரில் வசிக்கும் என் பெறாமகளிடம் இதைப் பற்றிப் பேசியபோது, தாங்கள் இருப்பது இங்கிலாந்தின் மிகப் பெரிய கிராமம் என்று அவ்வூரார் பெருமையாகச் சொல்லிக்கொள்வதாகவும், 2011ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 11,000க்கும் அதிகமானோர் இருந்ததாகவும் அவள் கூறினாள். நீண்ட கடைத்தெரு, கலை நிலையம், பெரிய பாடசாலைகள் எல்லாம் இருந்தும் அது நகரமாகவில்லை. எங்கள் பக்கத்தில் நாலு கடையும் ஒரு வங்கியும் வந்துவிட்டாலே நகர சபை வேண்டும் என்று மனுக் கொடுக்கத் தொடங்கிவிடுவோம்.

என் கேள்விகள் இரண்டு. இவ்வளவு பெரிய ஊர் எந்த அடிப்படையில் கிராமமாக நீடிக்கிறது? அதைவிட முக்கியமாக, ஆலயம், வைத்தியசாலை, புகையிரதம், திருவிழா என்று தங்கள் ஊரின் ஒவ்வொரு செய்தியையும் ஆண்டுக் கணக்குடன் அவர்களால் எவ்வாறு சொல்ல முடிகிறது? எங்கள் ஊரில் 1950களுக்கு முந்திய செய்தி ஒன்றைக் கேட்டால் மூன்று பெரியவர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

உவர்மலை, ஓய்வுபெற்ற உள்ளூராட்சி அலுவலர்:

முதற் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஓர் ஊரைக் கிராமம் என்றோ நகரம் என்றோ பிரிப்பதற்குக் குடித்தொகை எல்லை எதுவும் சட்டத்தில் இல்லை. அங்கே உள்ளூராட்சியின் மிகச் சிறிய அலகு பரிஷ் சபை ஆகும். முன்னர் ஊர் அலுவல்களைத் தேவாலயத்தைச் சார்ந்த வெஸ்ட்ரி என்ற கூட்டமே கவனித்து வந்தது. வறியோர் நிவாரணம், வீதி திருத்துதல், வரி அறவிடுதல் ஆகியனவும் அதன் கையிலேயே இருந்தன. 1894ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், சமயம் சாராத பொறுப்புகளைத் தேவாலயத்திடமிருந்து பிரித்து, வாக்கெடுப்பால் தெரிவாகும் பரிஷ் சபைகளிடம் ஒப்படைத்தது. 300 பேருக்கு மேல் வாழ்ந்த கிராமப்புறப் பரிஷ் ஒவ்வொன்றுக்கும் சபை கிடைத்ததோடு, பெண்களும் அச்சபைகளுக்குப் போட்டியிடும் உரிமையைப் பெற்றார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க அதன் பின்னும் 24 ஆண்டுகள் சென்றன என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும்.

1972ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு பரிஷ் சபை விரும்பினால் தன்னை நகர சபை என்று தானே தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளலாம். அவ்வாறு செய்தால் அதன் தலைவர் நகர முதல்வர் என்று அழைக்கப்படுவார். அதிகாரமும் வருமானமும் அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. ஆகவே கிராமமாக இருப்பது ஊராரின் தெரிவு. ஒக்ஸ்போர்ட் நகருக்கு அருகிலுள்ள கிட்லிங்டன் கிரான்லியைவிடப் பெரியது. யோக்‌ஷயரில் ஹல் நகரை ஒட்டியுள்ள கொட்டிங்காமில் 2011இல் 17,000க்கும் அதிகமானோர் இருந்தார்கள். இவையும் மிகப் பெரிய கிராமம் என்ற பட்டத்துக்கு உரிமை கோருகின்றன. எனவே உங்கள் பெறாமகளின் ஊரார் சொல்வதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

பரிஷ் சபையின் கையில் பாடசாலையும் இல்லை, வைத்தியசாலையும் இல்லை. விளையாட்டுத் திடல், மயானம், பேருந்துத் தரிப்பிடம், பொது மண்டபம், காய்கறி பயிரிட ஊராருக்கு வாடகைக்கு விடப்படும் சிறு துண்டு நிலங்கள் போன்றவற்றை அது பராமரிக்கிறது. கட்டிட விண்ணப்பங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம். தீர்மானிக்கும் உரிமை மேலுள்ள சபைக்கே உண்டு. ஆனால் மேற்சபை அறவிடும் வரியோடு தனக்கென ஒரு சிறு தொகையையும் சேர்த்து அறவிடுமாறு பரிஷ் சபையால் கேட்க முடியும். சிறிதாயினும் அது சொந்தப் பணம். பிரதேச சபையில் முப்பது ஆண்டுகள் நிதிக்காகக் காத்திருந்த எனக்கு அதன் அருமை தெரியும்.

அலஸ்தோட்டம் வாசகி:

நான் தாதியாகக் கில்ட்போர்ட் பக்கத்தில் வேலை செய்த காலத்தில் கிரான்லிக்குப் பலமுறை போயிருக்கிறேன். அவ்வூரின் கதையை அதன் சிறிய வைத்தியசாலையிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். என் தொழிலால் வந்த பக்கச்சார்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பழையது. மன்னரின் வருடாந்தக் கணக்குச் சுருள்களில் 1166இலேயே அதன் பெயர் வருகிறது. புனித நிக்கலஸ் தேவாலயமும் ஏறத்தாழ அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயினும் வீல்ட் என்று சொல்லப்படும் அந்தக் களிமண் காட்டுப் பகுதியில் மாரிகாலத்து வீதிகள் சேறாகிவிடும் என்பதால், நெடுங்காலமாக அது வெளியுலகத்திலிருந்து ஒதுங்கிய விவசாய ஊராகவே இருந்தது. 1816இல் வே, அருண் ஆகிய இரண்டு ஆறுகளையும் இணைக்கும் கால்வாய் ஊருக்கு அருகாகத் திறக்கப்பட்டது. 1865 ஒக்டோபரில் கில்ட்போர்டிலிருந்து ஹோர்ஷாம் வரை புகையிரதப் பாதை வந்ததும் கால்வாய் நொடித்துப்போய், 1871இல் கைவிடப்பட்டது. விவசாயிகளின் பிள்ளைகளுக்கென்று கிரான்லிப் பாடசாலை தொடங்கப்பட்டதும் அதே 1865இல்தான். இன்று அது வசதி படைத்தோர் கட்டணம் செலுத்திப் படிக்கும் தனியார் பாடசாலையாகிவிட்டது.

வைத்தியசாலை புகையிரதத்துக்கும் பாடசாலைக்கும் முந்தியது. வயலிலோ மரம் வெட்டும் இடத்திலோ காலை முறித்துக்கொண்ட கூலியாளுக்கு அக்காலத்தில் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, வண்டியில் குலுங்கக் குலுங்கத் தொலைவிலுள்ள வைத்தியசாலைக்குப் போவது. வழியிலேயே உயிர் போய்விடுவதும் உண்டு. மற்றது, வறியோர் விடுதியின் நோயாளர் கூடத்தில் படுப்பது. அது அவமானமாகக் கருதப்பட்டது. 1859இல் அல்பேர்ட் நேப்பர் என்ற ஊர் மருத்துவர், குருவானவர் ஜோன் ஹென்றி சாப்ட் வாடகையின்றிக் கொடுத்த ஒரு பழைய குடிசை வீட்டில் சில கட்டில்களைப் போட்டு, ஒரு தாதியை அங்கேயே தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் முதலாவது குடிசை வைத்தியசாலை என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுவது இதுவே.

அதன் நடைமுறைதான் என்னைக் கவர்ந்தது. வசதி உள்ளவர்கள் ஆண்டுச் சந்தா கொடுத்தார்கள். நோயாளியும் தன் நிலைமைக்கேற்ப வாரந்தோறும் ஒரு சிறு தொகையைச் செலுத்தவேண்டும். முழுவதும் இலவசம் என்றால் அது பிச்சையாகிவிடும் என்று நேப்பர் கருதினார். அவர் இதைப் பற்றி எழுதியும் பேசியும் வந்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தெங்கும் இத்தகைய வைத்தியசாலைகள் நூற்றுக்கணக்கில் தோன்றின. 1948இல் தேசிய சுகாதார சேவை வந்தபோது இவற்றில் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. ஆனாலும் ஊரார் அதைத் தங்களுடையது என்று உரிமையோடு பேசும் பழக்கம் மாறவில்லை. ஒரு கட்டிலை மூடுவதாக அரசு அறிவித்தாலும் மண்டபம் நிரம்பும்.

சந்தா, பொருளாளர், வரவு செலவு என்று அந்த வைத்தியசாலை இயங்கிய விதத்தைப் படித்தபோது எங்கள் மரண உதவிச் சங்கங்களே நினைவுக்கு வந்தன.

பெரிய வீதியின் ஓரத்தில் மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. முதலாம் உலகப் போரின்போது அப்பகுதியில் தங்கியிருந்த கனேடியப் படையினர் நாட்டியவை அவை. பொதுத் திடலில் கோடை காலத்தில் கிரிக்கெட் விளையாடுவார்கள். நவம்பரில் அங்கேயே பெரும் தீ மூட்டிக் கொண்டாடுவார்கள். ஆண்டுதோறும் விவசாயக் கண்காட்சி ஒன்றும் நடக்கிறது. மாடு, குதிரை, ஆடு எல்லாம் வரிசையில் நிற்கும். ஏனோ எனக்கு அங்கே காய்கறிப் போட்டியைப் பார்ப்பதில்தான் பெருவிருப்பம்.

தம்பலகாமத்து விவசாயி:

மேலே எழுதியவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலக் கிராமத்தை ஒரு நல்லிணக்கச் சோலையாக உங்கள் மலரில் வரைந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஊராரின் பொது மேய்ச்சல் நிலங்கள் ஆயிரக்கணக்கான நாடாளுமன்றச் சட்டங்களின் மூலம் வேலியடைக்கப்பட்டு, பெரிய நிலவுடைமையாளர்களின் கைக்குப் போயின. ஆங்கில அக்கா சொன்ன கிட்லிங்டன் போன்ற ஊர்களின் பெரிய புல்வெளியும் 1818இல் அவ்வாறு அடைபட்டதே. 1830இல் தெற்கு இங்கிலாந்தின் கூலி விவசாயிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். பலர் தூக்கிலிடப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். குருவானவர் வீடு கொடுத்தார் என்பது உண்மையே. அந்த வீட்டில் படுத்தவர்களுக்கு 1884 வரை வாக்குரிமை இருக்கவில்லை என்பதும் உண்மையே.

இன்றைய நிலைமையும் அவ்வளவு இனிப்பானதன்று. 1965 ஜூனில் புகையிரதப் பாதை மூடப்பட்டது. தண்டவாளம் கிடந்த இடம் இப்போது நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் இருக்கிறது. புகையிரதம் இல்லாத ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் அண்மைக் காலமாக நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டு வருகிறது. ஒரே கிராம வீதியில் அத்தனை வாகனங்களும் எப்படிப் போகும் என்று ஊரார் சபைக்குச் சபை முறையிடுகிறார்கள். லண்டனுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் வீட்டு விலை ஏறி, அங்கே பிறந்த இளைஞர்கள் அங்கே வாழ முடியாமல் வெளியேறும் நிலையும் உண்டு.

சாம்பல்தீவு வாசகன்:

மூவருக்கும் நன்றி. தம்பலகாமத்து அண்ணா, கிட்லிங்டனைப் பற்றிச் சொன்னவர் உவர்மலை ஐயா, அக்கா அல்லர்.

என் இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. வைத்தியசாலையின் சந்தா முறை வரை இன்று தெரிகிறது என்றால், அதை எழுதிவைத்தவர் யார், அந்த எழுத்து எங்கே இருக்கிறது?

உவர்மலை, ஓய்வுபெற்ற உள்ளூராட்சி அலுவலர்:

எழுதிவைக்குமாறு கட்டளை இருந்தது, தம்பி. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியவேண்டும் என்று ஆணையிட்டார். வெஸ்ட்ரியும் கூட்டக் குறிப்பும் கணக்கும் வைத்திருந்தது. தபால் திணைக்களத்தார் கிரோலி என்ற அயலூருடன் கடிதங்கள் மாறிப்போகின்றன என்று முறையிட்டு, ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றுமாறு 1860களில் கேட்டதும் அந்த வெஸ்ட்ரியிடம்தான். 1894இல் பரிஷ் சபை வந்தபோது குறிப்பேட்டின் அட்டை மாறியது, எழுதும் வழக்கம் தொடர்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதத்துக்கும் ஜூன் முதலாந் திகதிக்கும் இடையில், வாக்காளர் எவரும் வந்து பேசக்கூடிய பரிஷ் கூட்டம் நடத்தப்படவேண்டும் என்பது இன்றும் சட்டம். பழைய ஏடுகள் வோக்கிங் நகரிலுள்ள சரே வரலாற்று நிலையத்தில் சேர்க்கப்பட்டு, எவரும் போய்ப் பார்க்கக்கூடியனவாக உள்ளன.

எங்களிடமும் இது இருந்தது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமூகக் கட்டளைச் சட்டத்திலிருந்து கிராமச் சபை என்ற அமைப்பு வளர்ந்து வந்தது. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்காகக் கிராமச் சபைகள் கலைக்கப்பட்டன. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தபோது, பல ஊர்கள் ஒரே சபைக்குள் அடங்கின. அதே காலத்தில் போரும் இடப்பெயர்வும் வந்தன. உங்கள் மூன்று பெரியவர்களும் மூன்று விதமாகச் சொல்வதற்கு அவர்களின் ஞாபகத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கும் ஏடு அவர்களிடமிருந்து பறிபோய்விட்டது.

தம்பலகாமத்து விவசாயி:

முழுவதும் பறிபோகவில்லை, ஐயா. போகத் தொடக்கத்தில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் தீர்மானங்கள், எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்பது வரை, கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் இருக்கின்றன. வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனித்த வட்டவிதானைகளின் குடும்பங்களில் பழைய கொப்பிகளும் கிடைக்கும். சாம்பல்தீவில் வயல் குறைவென்றால் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தைக் கேளுங்கள். கிட்லிங்டனை யார் சொன்னார் என்று திருத்தியதற்கும் நன்றி.

அலஸ்தோட்டம் வாசகி:

பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை மறந்துவிடாதீர்கள். அதிபர் நாள்தோறும் எழுதியதால், வெள்ளம், அம்மை, வருகைக் குறைவு, கட்டிடத் திறப்பு எல்லாம் திகதியோடு அதில் இருக்கும். கோயில் பரிபாலன சபையின் உபயகாரர் பட்டியலும் பயன்படும். எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் ஊரில் இருந்தது, எப்போது இடம்பெயர்ந்தது, எப்போது திரும்பியது என்பதை அதிலிருந்து கணிக்கலாம். மூலப் புத்தகத்தை வெளியே எடுத்துச் செல்ல அனுமதி கேட்டால் தயங்குவார்கள். அங்கேயே இருந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, ஒரு பிரதியை உரியவரிடமே கொடுத்துவிடுங்கள்.

சாம்பல்தீவு வாசகன்:

நல்லது. மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார், அவரிடமிருந்தே தொடங்குகிறேன். கிரான்லி வைத்தியசாலையின் சந்தா முறையைப் பற்றி அக்கா எழுதியதை மலரில் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்க அனுமதி தருவீர்களா? தம்பலகாமத்து அண்ணா 1830ஐப் பற்றி எழுதியதையும் பக்கத்திலேயே போட விரும்புகிறேன்.